தூரத்து ஆளுக்கும் நமக்கும் நடுவே

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து முதன்முதலாக ஆட்களோடு ஒரு படம் வரைந்தேன். அதில் ஆறு பேர். வலை பிரிக்கிற இரண்டு பேர், அன்னக்கூடையைத் தலையில் வைத்திருந்த ஓர் அம்மா, ஃபைபர் படகில் சாய்ந்து நின்ற ஒருவர், தண்ணீர் ஓரமாக நடந்த இரண்டு பேர். ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சேலைக்கு பார்டர் இருந்தது, கைலிக்குக் கட்டம் இருந்தது, ஒருவருக்கு மீசைகூட இருந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்தக் கடைசி ஆளு மணல்ல நிக்கிறாரா, தண்ணி மேல நிக்கிறாரா?"

அவர் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படத்தைச் சுவரில் சாய்த்து நாலடி தள்ளி நின்று பார்த்தேன். ஆறு பேரையும் கத்தரித்துக் கொண்டுவந்து கடல்மேல் ஒட்டியதுபோல இருந்தது.

நிலக்காட்சி வரையக் கற்கிற பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். வானம் வரும், தென்னை வரும், படகும் வரும். ஆளை வைத்ததும் படம் கெட்டுவிடும். "எனக்கு ஃபிகர் வராது" என்று சொல்லிவிட்டு ஆளில்லாத கடற்கரையாகவே வருஷக்கணக்கில் வரைவார்கள். என் அனுபவத்தில், கோளாறு ஃபிகரில் இருப்பது குறைவு. உடலமைப்பை முறையாகப் படித்தவர்கள் வைத்த ஆட்களும் இப்படி ஒட்டுப்போட்ட மாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆளைப் பற்றி நமக்குத் தெரிந்ததையெல்லாம் வரைந்துவிடுகிறோம். அவருக்கும் நமக்கும் நடுவே இருக்கிற ஐம்பது மீட்டரையோ ஐந்நூறு மீட்டரையோ வரைவதில்லை. அந்த இடைவெளியில் தரை இருக்கிறது, ஈரம் இருக்கிறது, உப்பு இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. அந்த அண்ணன் கேட்டது அதைத்தான்.

முதலில் உயரக் கணக்கு. இதைப் படிக்கக் கடற்கரையைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் தொடுவானம் அங்கே ஒரு கோடாகவே போட்டு வைத்திருக்கிறது. சமதரையில் நின்று பார்த்தால் அந்தக் கோடு நம் கண் மட்டத்தில் இருக்கும். நம் உயரமே உள்ள இன்னொருவர் அதே தரையில் பத்தடியில் நின்றாலும் முந்நூறு அடியில் நின்றாலும் கோடு அவருடைய கண்ணைத்தான் வெட்டும். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பதினைந்து பேர் வரிசையாக நிற்பார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பவர் தாளில் ஒரு சாண் என்றால் கடைசி ஆள் நகத்தளவுதான் வருவார். ஆனாலும் அத்தனை தலைகளும் கொடியில் காயப்போட்ட துணிபோல ஒரே மட்டத்தில் தொங்கும். பாதங்கள் மட்டும் தூரம் போகப் போக மேலே ஏறும்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு: தூரத்தில் இருப்பதை மேலே வை, சின்னதாகப் போடு. அதை அப்படியே செய்தால் தலையும் பாதமும் சேர்ந்து மேலே போய்விடும், ஆள் அந்தரத்தில் நிற்பார். என் படத்தின் கடைசி ஆள் அப்படித்தான் தண்ணீர்மேல் போய் நின்றார்.

உட்கார்ந்துகொண்டு வரைந்தால் கோடு இறங்கும். மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அப்போது நிற்கிற பெரியவர்கள் எல்லோரையும் தொடுவானம் இடுப்பருகே வெட்டும், பக்கத்தில் நிற்பவரையும் சரி, தூரத்தில் நிற்பவரையும் சரி. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கோடு எல்லோர் தலைக்கும் மேலே போய்விடும். கடற்கரை முழுக்கச் சமதரை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அலை வரும் இடம் நாம் நிற்கும் மணல்மேட்டைவிடத் தாழ்வானது. அங்கே நிற்பவரின் தலை கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரும், அந்த ஒரு சின்ன இறக்கத்திலேயே மணல் சரிவாக இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நான் இதில் செய்த பெரிய தவறு புகைப்படத்தால் வந்தது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, கீழே மணலில் நடந்தவர்களை மொபைலில் எடுத்தேன். தேவனாம்பட்டினத்தில் தரையில் உட்கார்ந்து வரைந்த காட்சிக்குள் அவர்களைக் கொண்டுவந்து வைத்தேன். அளவைத் திருத்தினேன், நிறத்தைத் திருத்தினேன், பத்து நாள் போராடினேன், பொருந்தவேயில்லை. இரண்டு கண் மட்டம் ஒரே படத்தில் இருந்தால் எந்தத் திருத்தமும் உதவாது என்று பிறகுதான் விளங்கியது. மேலிருந்து பார்த்த ஆளின் தோளும் உச்சந்தலையும் தெரியும், பாதம் நீண்டு கிடக்கும். தரையிலிருந்து பார்த்த ஆளுக்கு அப்படி இருக்காது.

பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளப்பது பழைய வழி, ஆனால் இன்றும் அதுதான் நம்பகமானது. கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்த பென்சிலில், 100 மீட்டர் தூரத்தில் நிற்பவர் ஏறத்தாழ 1 செ.மீ. உயரம் வருவார். 50 மீட்டரில் 2 செ.மீ., 200 மீட்டரில் அரை செ.மீ. இப்படி அளந்து பார்க்கும்போது எல்லோருக்கும் ஒரு அதிர்ச்சி வரும், ஆள் இவ்வளவு சின்னதா என்று. மனது மனிதரைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. முகம் நமக்கு அவ்வளவு முக்கியம். அதனால்தான் கற்றுக்கொள்பவர்களின் படங்களில் தலை எப்போதும் உடம்புக்குப் பெரிதாக இருக்கிறது.

உயரம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆள் ஒட்டாமல் நிற்கலாம். இனி வருவது காற்று.

காற்றின் மூலக்கூறுகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன, அதிலும் நீலத்தை அதிகமாக. 1871-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு இதற்கான கணக்கைக் கொடுத்தார்: அலைநீளம் குறையக் குறைய, சிதறல் அதன் நான்காம் அடுக்கில் கூடும். 450 நானோமீட்டர் நீலம், 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறத்தாழ 6 மடங்கு அதிகம் சிதறும். வானம் நீலமாக இருப்பதற்கும், தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். "தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று நாம் வேறு பொருளில் சொல்லும் பழமொழி, ஓவியர்களுக்கு நேர்ப்பொருளிலேயே சரி. தூரம் போனால் பச்சையில் உள்ள மஞ்சள்தான் முதலில் போகும். மிச்சமிருப்பது குளிர்ந்த, நீலம் கலந்த பச்சை.

ஆனால் இங்கேதான் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மலைநாடுகளில் வாழ்ந்தவர்கள் எழுதிய பயிற்சிப் புத்தகங்கள் 'தூரத்துக்கு நீலம் சேர்' என்கின்றன. அவர்களுடைய காற்று வேறு. நம் கரையில் காற்றில் உப்புத்துகளும் நீர்த்துளியும் எப்போதும் மிதக்கின்றன. அவை மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கும். அதனால் கடலூரில் தூரம் நீலமாக மாறுவதைவிட வெளுப்பாக மாறுவதுதான் அதிகம். தொடுவானத்தை ஒட்டி வானத்தைப் பாருங்கள், பாதி நாட்களில் அது நீர்மோர் நிறத்தில் இருக்கும். அந்த நிறம்தான் நம் ஊர்க் காற்றின் நிறம். தூரத்தில் இருக்கிற எதுவும் மெல்ல மெல்ல அதை நோக்கித்தான் போகிறது. மழை ஓய்ந்த மறுநாள் மட்டும் விதிவிலக்கு. காற்று கழுவி விட்டதுபோல இருக்கும், கேப்பர் மலையின் செம்மண் மேடு பக்கத்தில் வந்து நிற்பதுபோலத் தெரியும். மற்ற நாட்களில் அதே சிவப்பு, வெளிறிய கத்தரிப்பூ நிறமாகக் கிடக்கும்.

காற்று இரண்டு வேலை செய்கிறது. பொருளிலிருந்து வரும் வெளிச்சத்தில் கொஞ்சத்தை வழியில் பிடுங்கிக்கொள்கிறது. தன் சொந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறது. கறுப்பாக இருப்பவற்றில்தான் இந்தச் சேர்க்கை பளிச்சென்று தெரியும். வெள்ளை வேட்டி வெகுதூரம் வரை வெள்ளையாகவே தாக்குப்பிடிக்கும், கொஞ்சம் மங்கி ஒரு பழுப்பு வாடை மட்டும் வரும். ஆனால் அந்த வேட்டியின் மடிப்புக்குள் இருக்கும் நிழல் சீக்கிரம் காணாமல் போய்விடும். முடியின் கறுப்பு சாம்பலாகும். தூரத்து ஆளை வரையும்போது முதலில் கைவிட வேண்டியது நிழலின் அடர்த்தியை. நானோ வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு நிழலை அப்படியே விட்டுவைத்திருந்தேன், ஆறு பேருக்கும் ஒரே கறுப்பு.

இது எந்த விகிதத்தில் நடக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. ஜெர்மானிய வானிலை ஆய்வாளர் ஹரால்ட் கோஷ்மீடர் 1924-இல் கொடுத்தது. ஒவ்வொரு கிலோமீட்டரும், மிச்சமிருக்கும் வேறுபாட்டில் ஒரே பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் சாரம். பார்வை எட்டும் தூரம் 20 கி.மீ. இருக்கிற நாளில், கறுப்பான ஒரு பொருளுக்கும் அதன் பின்னே உள்ள வானத்துக்கும் இருக்கும் வேறுபாடு 5 கி.மீ. போவதற்குள் 38 சதவீதமாகிவிடும், 10 கி.மீ.யில் 14 சதவீதம், 20 கி.மீ.யில் 2 சதவீதம். அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாது. பனிமூட்டத்தில் பார்வை 1 கி.மீ.தான் என்றால் இதே சரிவு 250, 500, 1,000 மீட்டரில் நடந்து முடிந்துவிடும்.

கணக்கு பிடிக்காதவர்கள் டிரேசிங் பேப்பரை எடுத்துக்கொள்ளலாம். கறுப்புத் தாளில் ஓர் ஆளை வெட்டி வெள்ளைத் தாளில் வையுங்கள். அதன்மேல் ஒரு டிரேசிங் பேப்பர், அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. முதல் தாள் போட்டதும் கறுப்பு சட்டென்று இறங்கும். நாலாவது, ஐந்தாவது தாளுக்கு வித்தியாசம் குறைந்துகொண்டே போகும். பக்கத்தில் மாற்றம் வேகமாக நடக்கிறது, தூரத்தில் மெதுவாக நடக்கிறது. லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில், ஐந்து மடங்கு தூரத்தில் காட்ட வேண்டியதை ஐந்து மடங்கு நீலமாகத் தீட்டச் சொல்லியிருக்கிறார். காற்றுக்கும் ஒரு நிறமும் பருமனும் உண்டு என்று அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண், ஆனால் அந்த நேர்விகிதம் சரியில்லை. இந்த டிரேசிங் பேப்பர் பாடம் அதைவிட உண்மைக்கு நெருக்கம். நான் இதை ஒரு மாலை முழுக்கச் செய்து பார்த்தேன். அதற்குப் பிறகு என் படங்களில் நடுத்தூரம் என்று ஒன்று வந்தது.

இப்போது நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று. பார்வை 20 கி.மீ. எட்டும் தெளிவான நாளில், 200 மீட்டர் தூரத்தில் நிற்கிற ஒருவரைக் காற்று எவ்வளவு மாற்றுகிறது? கோஷ்மீடர் கணக்குப்படி 4 சதவீதம்தான். ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படியானால் அவர் ஏன் மங்கலாகத் தெரிகிறார்? பெரும்பாலும் சிறியதாகிவிட்டதால். அரை செ.மீ. ஆளில் வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் கண்ணுக்குள் கலந்து ஒரே நிறமாகிவிடுகின்றன. விளிம்பு கரைகிறது. நிறங்களும் பெயரிழக்கின்றன, மிகச் சிறிய புள்ளியில் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறிவது கண்ணுக்கே கடினம். ஆக, கடற்கரை அளவிலான தூரத்தில் நாம் 'காற்று' என்று தீட்டுவதில் பாதிக்கு மேல் நம் கண்ணின் வேலை. ஓவியர்கள் அதை வேண்டுமென்றே கூட்டித் தீட்டுகிறார்கள். இதில் தவறில்லை, ஆனால் எது எதனால் வருகிறது என்று தெரிந்து செய்தால் கை தடுமாறாது. தெளிவான நாளில் தூரத்து ஆளை எளிமையாக்கினால் போதும், வெளுக்க வேண்டியதில்லை. பனி நாளில் இரண்டும் வேண்டும்.

பார்க்கும் திசையும் முக்கியம். கடலை நேராகப் பார்த்தால் அலை உடையும் இடத்தின் சாரலை நம் பார்வை குறுக்கே கடந்துவிடும். கரையோரமாக நீளவாக்கில் பார்த்தால், கண்ணுக்கு எட்டும் தூரம் முழுக்க அந்தச் சாரலுக்குள்ளேயே பார்க்கிறோம். அதனால் ஒரே நிமிடத்தில் கிழக்கே படகு கூர்மையாகத் தெரியும், தெற்கே கடலூர் முதுநகர்ப் பக்கம் ஆட்கள் புகைக்குள் நடப்பதுபோல இருப்பார்கள். "தெக்கால பாத்தா எப்பவும் புகைதான்" என்று வலை பிரிக்கும் அண்ணன் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆட்களை ஆழத்தோடு வரையக் கற்கிறவர்களுக்கு நான் சொல்வது, கடலைப் பார்த்து உட்காராதீர்கள், கரையோரமாகப் பார்த்து உட்காருங்கள்.

நம் கடல் கிழக்கே இருப்பதால் இன்னொரு வசதி உண்டு. காலையில் சூரியன் கடல்மேல், நம் முகத்துக்கு நேரே. ஈரக்காற்று முன்னோக்கித்தான் வெளிச்சத்தை அதிகம் சிதறடிக்கும், அதனால் எதிர்வெயிலில் மூட்டம் பளிச்சென்று எரியும். ஆட்கள் எல்லோரும் நிழலுருவம். பக்கத்தில் இருப்பவர் கரி, அடுத்தவர் ஈயம், அதற்கடுத்தவர் சாம்பல். நிறத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஒரே ஒரு பழுப்பை வைத்துக்கொண்டு அடர்த்தியை மட்டும் பழகலாம். மாலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், தென்னந்தோப்புக்கு மேலே. மூட்டம் அடங்கிவிடும், கடல் கரும்பச்சையாகும், ஒவ்வொரு சேலையும் தன் நிறத்தைச் சொல்லும். தொல்காப்பிய மரபு நெய்தலுக்குச் சிறுபொழுதாகச் சொல்லும் எற்பாடு இந்த நேரம்தான். மனதை உருக்குகிற வெளிச்சம், கற்பவருக்கு மிகக் கடினமானதும் இதுவே. காற்று கைகொடுக்காத நேரத்தில் அளவையும் நிறங்களின் சூடு, குளிர்ச்சியையும் மட்டும் வைத்து ஆழம் காட்ட வேண்டியிருக்கும். முதல் ஆறு மாதம் காலையில் மட்டும் போனால் நல்லது.

நிழலும் இதோடு மாறும். காலையில் கடலைப் பார்த்தால், சூரியனுக்கு நேர்கீழே தொடுவானத்தில் இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல எல்லா நிழல்களும் நம்மை நோக்கி விரியும். மாலையில் நம் நிழலும் அவர்கள் நிழலும் சேர்ந்து கடலை நோக்கி ஓடும். ஈர மணலில் பிரதிபலிப்பும் உண்டு, அது மட்டும் எந்த நேரத்திலும் ஆளுக்கு நேர்கீழேதான் விழும். நிழலையும் பிரதிபலிப்பையும் குழப்பிக்கொண்டால், எவ்வளவு அழகான ஆளும் தரையைவிட்டுக் கிளம்பிவிடுவார்.

நம் பழைய ஓவியங்களில் இந்தக் காற்று இல்லையே என்று சிலர் கேட்பார்கள். சித்தன்னவாசல் தாமரைக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துக்குள் மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் இருக்கிறார்கள். முன்னே பின்னே என்ற மங்கல் எதுவும் கிடையாது. குளம் முழுவதும் ஒரே நெருக்கத்தில் நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. அதைக் குறையாகப் பார்க்க எனக்கு மனம் வராது. அந்தக் குளத்தில் எதுவும் நமக்குத் தூரமில்லை என்பதே அதன் பொருள். தஞ்சாவூர்ப் படங்களில் கடவுள் பெரிதாகவும் அடியார் சிறிதாகவும் இருப்பது தூரத்தால் இல்லை, மதிப்பால். ஆனால் அந்த மரபில் கண் பழகியவர்கள் கடற்கரையில் உட்காரும்போது, வெளிக்கோடு போட்டு உள்ளே நிறம் நிரப்பும் பழக்கம் கூடவே வந்துவிடுகிறது. ஒட்டுப்போட்ட ஆள் பிறப்பது அங்கேதான்.

தூரத்து மனிதரைப் பற்றி மிக நுட்பமாக எழுதிவைத்தவர் 11-ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியர் குவோ ஷி. அவர் 1072-இல் தீட்டிய வசந்தகால மலைக்காட்சி இன்று தைப்பேய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தூரத்தை மூன்றாகப் பிரித்தார். கீழிருந்து உச்சியை நோக்கும் உயரத்தூரம், மலைக்குப் பின்னே மலையாக எட்டிப் பார்க்கும் ஆழத்தூரம், பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலையை நோக்கும்போது கிடைமட்டமாக விரியும் சமதூரம். ஆட்கள் முதலாவதில் தெளிவாகவும், இரண்டாவதில் நுணுகித் துணுக்காகவும், மூன்றாவதில் மங்கி அடங்கியும் இருக்க வேண்டும் என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடலூரும் புதுச்சேரியும் முழுக்க முழுக்கச் சமதூர நிலம். கெடிலம் கழிமுகமோ ஏரியோ கடலோ, எங்கே நின்றாலும் கண் கிடைமட்டமாகத்தான் போகிறது. நம் ஆட்கள் மங்கி அடங்கித்தான் நிற்க வேண்டும்.

தமிழ் நிலத்தில் இதை ஐரோப்பிய முறையில் முதலில் விரிவாகச் செய்தவர்களில் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் உண்டு. 1792–93-இல் தென்னகத்தில் பயணம் செய்தார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியிட்ட 144 அச்சுப்படங்களில் காவிரியிலிருந்து பார்த்த திருச்சி மலைக்கோட்டையும் ஒன்று. அவர்களுடைய படங்களில் மனிதர்கள் பெரும்பாலும் கோயிலுக்கும் மலைக்கும் அளவுகோலாக நிற்கிறார்கள். கோயிலின் பிரம்மாண்டம் புரிகிறது, ஆனால் அந்த மனிதருக்கு அங்கே என்ன வேலை என்று தெரிவதில்லை. ஆழம் கற்க அவர்களிடம் போகலாம். ஆட்களை நாம்தான் பார்த்துத் தீட்ட வேண்டும், யார் எந்தப் பக்கம் சாய்ந்து இழுக்கிறார், கூடையின் கனம் எந்த இடுப்பில் இறங்குகிறது என்று.

மொபைல் படத்தை வைத்துக் கற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்றைய மொபைல் கேமராக்கள் படத்தை எடுத்த கையோடு மங்கலை நீக்கி, இருட்டையும் வெளிச்சத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுகின்றன. நாம் கற்க வேண்டிய மூட்டத்தைத்தான் அது துடைத்துவிடுகிறது. அதைப் பார்த்து வரைந்தால் தூரத்து ஆளுக்கும் கூர்மையான விளிம்பு வந்துவிடும். படம் எடுங்கள், ஆனால் கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு பென்சில் குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஆள், நடு ஆள், கடைசி ஆள் என்று மூன்று அடர்த்தி மட்டும் அதில் இருந்தால் போதும்.

எனக்கு எல்லாவற்றையும்விட உதவிய ஒரு பழக்கத்தைப் பாகூர் ஏரிக்கரையில் கற்றேன். மார்கழி, தை மாதக் காலைகளில் அங்கே பனைமரங்கள் அடுக்கடுக்காகப் பின்வாங்கும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட ஒரு படி வெளுப்பு. கரைமேல் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவரை எவ்வளவு அடர்த்தியாகத் தீட்டுவது? அவர் எந்தப் பனைக்குப் பக்கத்தில் போகிறாரோ அந்தப் பனையின் இருட்டுதான் அவருடைய எல்லை. அவருடைய சட்டை அதைவிட வெளிச்சமாக இருக்கலாம். தலைமுடிகூட அந்தப் பனையின் கறுப்பைத் தாண்டக் கூடாது. இப்படிப் பக்கத்துப் பொருளோடு ஒப்பிட்டுத் தீட்டினால் எந்தக் கணக்கும் இல்லாமலேயே ஆள் தன் இடத்தில் போய் நின்றுகொள்கிறார். அவர் நடந்து அடுத்த வரிசைக்குப் போனால், இன்னொரு டிரேசிங் பேப்பர் அவர்மேல் விழுந்துவிட்டது என்று பொருள்.

வாட்டர்கலரில் வேலை தூரத்திலிருந்து பக்கத்துக்கு வரும். வானத்துக்குத் தண்ணீராகப் பூசும் முதல் பூச்சை, அதாவது வாஷை, தொடுவானத்தோடு நிறுத்தாமல் மணல்வரை இழுத்துவிடுவேன், நீர்மோர் நிறம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கட்டும் என்று. கோபால்ட் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு துளி யெல்லோ ஓக்கர் சேர்த்தால் அது கிடைக்கும். தட்டில் அந்தக் கலவை தனியாக ஒரு குட்டையாக எப்போதும் இருக்கும். தூரத்து ஆளுக்கு எடுக்கும் எந்த நிறத்தையும் அதில் ஒருமுறை தோய்த்துவிட்டுத்தான் தாளுக்குக் கொண்டுபோவேன். தாளின் பளபளப்பு போய் ஈரம் மட்டும் இருக்கிற நேரத்தில் தூரத்து ஆளை வைத்தால் விளிம்பு தானே கரையும். நம் ஊரில் காலை ஏழு மணிக்கு அந்த நேரம் நீளமாகக் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் கடல்காற்று எழுந்ததும் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

தூரத்து ஆளின் உடல் ஒரு கேரட்தான். மேலே அகலம், கீழே கூர், அதன்மேல் சின்னதாக ஒரு தலை, தோளுக்கும் தலைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. பாதம் வரையாதீர்கள். ஒரு காலைக் கொஞ்சம் குட்டையாக விட்டால் நடப்பதுபோல வந்துவிடும். அடியில் நிழலை ஈரத்தோடு இழுத்து மணலில் கரையவிட்டால் ஆள் தரையைப் பிடித்துக்கொள்வார். முகம், விரல், கைலிக் கட்டம் எல்லாம் முன்னால் இருக்கிற ஒருவருக்கு மட்டும், அவருக்கும் அளவாக.

இதையெல்லாம் ஒரே காலையில் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் போகிப் பண்டிகை நாள் இருக்கிறது. பனியும் புகையும் சேர்ந்து, கடற்கரைக்குப் போகாமலேயே தெருவில் தூரம் உண்டாகிவிடும். போன போகியன்று மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து வரைந்தேன். இருநூறு மீட்டர் தெரு, இரண்டு கிலோமீட்டர்போல நீண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு மட்டும் முழு அடர்த்தி, சிவப்பு ஸ்வெட்டர், முடிச்சிட்ட கூந்தல். நாலு வீடு தள்ளிப் பால்காரர் சைக்கிளோடு நின்றார், அவருக்கு ஒரே நிறம், கேனுக்கு மட்டும் சின்ன வெளிச்சம். தெருக்கோடியில் யாரோ நெருப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அந்த இடத்தில் சுவருக்குத் தீட்டிய சாம்பல் இன்னும் காயவில்லை. பிரஷைக் கழுவி, துணியில் ஒற்றி, ஒரே ஒருமுறை மேலிருந்து கீழாக எடுத்தேன். சாம்பலில் கொஞ்சம் வெளுத்தது. அவரை அவ்வளவுதான் தீட்டினேன்.